கண்டு உண்ணல்: கடைப்பொருளில் உயிரியும் அயற்பொருளும்

(தசலட்சணப் பர்வ அறவுரை வரிசையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பர்வ நாட்களில் உயர்ந்த தத்துவங்கள் பேசப்படுவது மரபு. ஆன்மா, கருமம், குணத்தானம் எனப் பொருள்கள் பல உள. எனினும் அகிம்சை நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் ஆலயம் அன்று, அடுக்களையே. மளிகைக் கடையில் வாங்கிவந்த ரவைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது செந்நிற வண்டுகள் நான்கு ஊர்கின்றன. துவரம்பருப்பைக் கொட்டும்போது நூலாம்படை போன்ற இழையும் அதில் ஒரு புழுவும் தெரிகின்றன. பிஸ்கட்டில் தலைமயிர், ஊறுகாயில் கண்ணாடிச் சில்லு, குளிர்பானப் புட்டியில் இறந்த பூச்சி என்னும் செய்திகளும் காதில் விழுகின்றன. அந்த நொடியில் ஒரு ஜைன இல்லத்தார் செய்ய வேண்டுவது யாது? இதுவே இவ்வுரையின் பொருள்.

அந்நொடியில் மூன்று தவறுகள் நிகழக்கூடும். முதலாவது, அருவருப்பினால் பொட்டலத்தை அப்படியே முடிந்து குப்பைத் தொட்டியில் எறிவது; அல்லது கொதிநீரில் கொட்டுவது. இரண்டாவது, கடைக்காரர் மீது சினங்கொண்டு பலர் முன்னிலையில் அவரை இகழ்வது. மூன்றாவது, யாருக்கும் சொல்லாமல் வண்டுகளைப் பொறுக்கிவிட்டு, மீதியை விருந்தினருக்கும் பரிமாறிவிடுவது. முதல் தவறு அகிம்சைக்கும், இரண்டாவது பொறுமைக்கும், மூன்றாவது வாய்மைக்கும் மாறானவை. மூன்றையும் விலக்கிய வழி ஒன்று உண்டு. அவ்வழியை ஆசாரியர்கள் முன்பே காட்டியுள்ளனர்.

ஐந்து பாவனைகளில் ஒன்று

ஆசாரியர் உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் விரதங்களைக் கூறுவது. அகிம்சா விரதம் நிலைபெறுவதற்கு ஐந்து பாவனைகள் அங்கே சொல்லப்படுகின்றன: சொல்லடக்கம், மனவடக்கம், பார்த்து நடத்தல், பொருளைப் பார்த்து எடுத்து வைத்தல், ஆலோகித பான போஜனம் என்பவை. ஐந்தாவதன் பொருள், உண்பதையும் பருகுவதையும் வெளிச்சத்தில் நன்கு பார்த்த பின்னரே கொள்ளுதல் என்பதாகும். உணவைப் பார்ப்பது உடல்நலத்திற்கான எச்சரிக்கையாக மட்டும் அங்கே கூறப்படவில்லை. அகிம்சையைத் தாங்கும் ஐந்து தூண்களில் ஒன்றாகவே அது வைக்கப்பட்டுள்ளது. இரவுணவு விலக்கிற்கும் அடிப்படை இதுவே. விளக்கொளியைத் தேடிப் பூச்சிகள் வருவதும், மங்கிய ஒளியில் அவை கண்ணுக்குப் புலப்படாமற் போவதும் முன்னோர் அறிந்தவை.

அதே அத்தியாயத்தில், இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதம் என்னும் சொல் வருகிறது. பேச்சு வழக்கில் அது இன்று சிறப்பைக் குறிக்கிறது; நூல் வழக்கில் அதன் பொருள் கவனமின்மை. கவனமின்மையால் உயிருக்கு ஊறு விளைவிப்பதே இம்சை என்பது அங்குள்ள கருத்து. ஆகவே, கருத்தோடு பார்த்த பின்னும் கண்ணுக்குத் தப்பிய உயிர் ஒன்று மடிவது வேறு. பாராமலே கொதிநீரில் இட்டது வேறு. முன்னதற்கு வருந்திப் பிரதிக்கிரமணம் செய்யலாம். பின்னது நாள்தோறும் வளரும் கடன்.

உயிர்களின் அறிவு வரிசையும் இங்கு நினையத்தக்கது. புழு ஈரறிவும், எறும்பு மூவறிவும், வண்டு நான்கறிவும் உடையவை என்பது ஆகம முறை. தொல்காப்பிய மரபியலும் எறும்பை மூவறிவிலும் தும்பியை நான்கறிவிலும் வைக்கிறது. அரிசிக்குள் ஊரும் அச்சிறு உயிருக்கு மெய்யும் வாயும் மூக்கும் உண்டு; வலியும் அச்சமும் உண்டு. அதைத் தூசி என எண்ணித் தள்ளும் உரிமை எவருக்கும் இல்லை.

அவை எங்கிருந்து வருகின்றன?

காக்க வேண்டுமாயின் முதலில் அறிய வேண்டும். கடைப்பொருளில் காணும் உயிரிகள் அனைத்தும் ஒரே வகையின அல்ல.

அரிசியிலும் கோதுமையிலும் காணும் நீண்ட மூக்குடைய கரும்பழுப்பு வண்டின் பெண், தானியமணியில் சிறு துளையிட்டு, உள்ளே ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற சுரப்பினால் துளையை மூடிவிடுகிறது. புழுப்பருவம் முழுதும் மணிக்குள்ளேயே கழிகிறது. வெப்பமான நாட்டில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அது வண்டாகி வெளிவருகிறது. ஆகையால் வாங்கும் நாளில் குற்றமற்றதாகத் தோன்றிய அரிசி, மறுமாதம் வண்டோடு இருப்பது வியப்பன்று. கடைக்காரர் கண்ணுக்கும் அது தெரிந்திராது.

ரவை, மைதா, கடலைமாவு ஆகியவற்றில் காணும் சிறிய செவ்வண்டு முழுத் தானியத்தை எளிதில் துளைக்க வல்லதன்று. உடைந்த தானியத்தையும் மாவையும் நாடுவது. அது மிகும்போது மாவில் கார நெடியும் நிறமாற்றமும் தோன்றும். பயறு வண்டோ வயலிலேயே தொடங்கிவிடுகிறது. பச்சைப்பயறு, காராமணி, கொண்டைக்கடலை ஆகியவற்றின் மேல்தோலில் வெண்புள்ளியாகத் தெரிவது அதன் முட்டை. வட்டமான துளை அது வெளியேறிய வாயில். மாவிலும் அரிசிக் குருணையிலும் இழைபின்னிக் கட்டியாக்குவது அந்துப்பூச்சியின் புழு. மல்லித்தூள், மஞ்சள், மிளகாய் போன்ற காரப்பொருள்களையும் உண்டு வாழும் வண்டினங்கள் உண்டு. எனவே காரம் இருந்தால் உயிர் இராது என எண்ணுவது தவறு.

காய்களிலும் இவ்வாறே. கத்தரிக்காயைத் துளைத்த புழுவின் வாயில், அதன் கழிவினால் அடைபட்ட சிறு புள்ளியாகத் தெரியும். நறுக்கும் முன் அதைத் தேடுவது ஓர் உயிரைக் கத்தியினின்று காப்பதாகும். ஆல், அரசு, அத்தி முதலிய ஐந்து உதும்பரக் கனிகளை விலக்கிய முன்னோர், அவற்றினுள் குளவியினத்துச் சிற்றுயிர்கள் வாழ்வதைக் கண்டே விலக்கினர். அத்திப்பூவின் மகரந்தச் சேர்க்கை அதனுள் புகும் சிறு குளவிகளால் நிகழ்வதை இன்றைய உயிரியல் விரித்துரைக்கிறது.

உயிரோடு காணப்பட்டால்

நீரை மடித்த துணியில் வடிகட்டும் வழக்கம் ஜைன இல்லங்களின் அடையாளம். அவ்வழக்கத்தின் பிற்பாதியைப் பலர் மறந்துவிட்டனர். துணியில் தங்கிய உயிர்களை அதே நீர்நிலையில் சேர்ப்பித்த பின்னரே வடிகட்டுதல் நிறைவுறும். பிரித்தெடுப்பது பாதி, உரிய இடத்தில் சேர்ப்பது மறுபாதி. தானிய வண்டுக்கும் இதுவே நெறி.

வண்டு கண்ட அரிசியை உச்சிவெயிலில் காயவைப்பது நாட்டு வழக்கு. கடும் வெயிலில் விரித்தால் வண்டு ஓடுவதற்குள் மடிந்துவிடலாம். ஆகவே நிழலில், காற்றோட்டமுள்ள திண்ணையிலோ மாடத்திலோ, வெண்துணியின் மேல் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். வெளிச்சமும் அசைவும் பட்ட வண்டுகள் ஓரத்தை நாடி ஊர்ந்து செல்லும். எஞ்சியவற்றை முறத்தால் மென்மையாகப் புடைத்தோ, சல்லடையில் சலித்தோ பிரிக்கலாம். பிரித்த வண்டுகளையும் துளைபட்ட மணிகளையும் ஒரு பிடி குருணையோடு சேர்த்து, எறும்புப் புற்றில்லாத மரநிழலில், மழைபடாத இடத்தில் விடுதல் வேண்டும். உணவின்றி விடுவது பட்டினிக்கு அனுப்புவதாகும்.

பொட்டலத்தை முடிந்து குப்பையில் எறிவோர் கொல்லவில்லை என்றே எண்ணுகின்றனர். குப்பை வண்டியில் நசுங்குவதும், மூடிய பையில் வெம்பி மடிவதும் கண்ணுக்கு மறைவாக நிகழ்வதால் அவை இம்சை ஆகாமற் போவதில்லை. உறைபெட்டியில் வைத்துப் பின் சலிக்கலாம் எனப் பிற இடங்களில் கூறப்படும் வழியும் கொலையே. சங்கல்ப இம்சை, அதாவது எண்ணிச் செய்யும் கொலை, இல்லறத்தார்க்கு முற்றிலும் விலக்கப்பட்டது. சமைத்தல், பெருக்குதல் முதலியவற்றில் தவிர்க்கவியலாமல் நேரும் ஆரம்ப இம்சையின் பெயரால் அதை மறைக்க இயலாது.

சிறந்த வழி, அவை பெருகும் சூழலை உண்டாக்காதிருத்தலே. மழைக்காலத்தில் காற்றின் ஈரம் தானியத்தில் ஏறுகிறது. ஈரம் ஏற ஏற வண்டினம் பெருகுகிறது. முனிவர்கள் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசக் காலமும் அதுவே என்பது தற்செயலன்று. அக்காலத்தில் ஒரு வாரத்திற்கு வேண்டிய அளவே வாங்குதல் நன்று. அரைத்த மாவை மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என வரையறுத்துப் பயன்படுத்தும் திகம்பர மரபு இக்காரணம் பற்றியதே. உலர்ந்த வேப்பிலை, வசம்பு ஆகியவற்றைத் தானியத்தோடு வைப்பதும், துவரைக்குச் செம்மண் கட்டுவதும், பழையதை முடித்த பின்னரே புதியதைக் கலத்தில் கொட்டுவதும் முன்னோர் கைக்கொண்ட காப்பு முறைகள். இறுக மூடும் கலம் நல்லதே. ஆயினும் மூடுவதற்கு முன் பார்த்தல் வேண்டும். பாராது மூடினால் காப்புக்கலமே உயிர்களுக்குச் சிறையாகும்.

இறந்து கிடந்தால், அயற்பொருள் ஆயின்

திகம்பர முனிவர் நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கைகளையே கலமாகக் கொண்டு ஆகாரம் ஏற்கின்றனர். கவளத்தில் மயிரோ, நகமோ, இறந்த உயிரோ காணப்பட்டால் அது அந்தராயம். அன்றைய ஆகாரம் அத்துடன் நின்றுவிடும். அவ்வேளையில் முனிவர் ஆகாரம் அளித்தவரைக் கடிந்து ஒரு சொல்லும் கூறுவதில்லை. நிறுத்துதல் உண்டு, சினத்தல் இல்லை. இவ்விரண்டும் ஒருங்கே நிற்கும் அந்நிலையே இல்லறத்தார்க்கும் பாடம்.

சமைத்த உணவில் இறந்த பூச்சியோ பல்லியோ காணப்பட்டால் அவ்வுணவை நிறுத்த வேண்டும். எடுத்து எறிந்துவிட்டு மீதியை உண்ணுதலும், பிறர்க்கு அளித்தலும் கூடா. வீட்டுப் பல்லி நச்சு உடையது என்னும் அச்சம் பரவலாக உண்டு. அதற்கு நஞ்சு இல்லை. ஆனால் குடலைத் தாக்கும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளை அது சுமந்திருக்கக்கூடும். உண்டவர்க்கு வாந்தியோ, வயிற்றுப்போக்கோ, காய்ச்சலோ வந்தால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் மருத்துவரை அணுக வேண்டும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இதில் தாமதம் ஆகாது. கண்ணாடிச் சில்லு, உலோகத் துண்டு, கம்பி ஆகியவற்றை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் அவ்வாறே.

பொறுமையும் முறையீடும்

இனி, இவ்வுரையின் கடினமான பகுதி. தசலட்சண அறங்களில் முதலாவது உத்தம க்ஷமை, அதாவது உயர்ந்த பொறுமை. பொறுமை அறமாயின், குற்றமுள்ள பொருளை விற்றவர் மீது முறையிடுதல் அறத்திற்கு மாறாகாதா? பக்தியுடைய பலர் இவ்வாறு எண்ணியே மௌனமாகிவிடுகின்றனர்.

இதற்கு விடைகாண ஒரு பழைய வழக்கு துணைசெய்யும். 1928 ஆகஸ்ட் 26 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரிலுள்ள ஒரு சிற்றுண்டிச்சாலையில், மே டோனகியூ என்னும் எளிய பெண்மணிக்கு அவர்தம் தோழி இஞ்சிப் பானம் ஒரு புட்டி வாங்கித் தந்தார். கருநிறப் புட்டி, உள்ளிருப்பது தெரியாது. பாதி பருகிய பின் மீதியை ஊற்றும்போது, அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்ததாக அவர் தம் முறையீட்டில் கூறினார். நோயுற்ற அவர் பானம் தயாரித்தவர் மீது வழக்குத் தொடுத்தார். பணம் கொடுத்து வாங்கியவர் அவர் அல்லர் என்பதால் தயாரிப்பாளரோடு அவருக்கு ஒப்பந்தம் ஏதும் இல்லை. வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை சென்றது. 1932 மே 26 அன்று ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் நின்றனர். தன் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் எவரோ அவரே அயலார்; அவருக்குத் தீங்கு நேராதவாறு உரிய கவனம் கொள்வது கடமை என்பது அட்கின் பிரபு அளித்த தீர்ப்பின் சாரம். நத்தை உண்மையில் இருந்ததா என்பது இறுதிவரை விசாரணையில் மெய்ப்பிக்கப்படவில்லை. வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. ஆயினும் அக்கோட்பாடு பல நாடுகளின் சட்டத்திற்கு அடித்தளமாயிற்று.

அப்பெண்மணி புட்டிக்குள் பார்த்திருக்க இயலாது. உண்பவர் பார்க்க இயலாதபடி மூடித் தருபவர், உண்பவருக்காகத் தாமே பார்த்திருக்க வேண்டும். ஆலோகித பான போஜனம் என்னும் கடமை அங்கே கைமாறுகிறது. தயாரிப்பாளரின் கவனமின்மையும் பிரமாதமே. அதைச் சுட்டிக்காட்டுவது பகையன்று; அடுத்து உண்ணப்போகும் குழந்தையைக் காப்பது. தமக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுப்பது பொறுமை. பிறர்க்கு நேரப்போகும் துன்பத்தைக் கண்டும் வாளாவிருப்பது பொறுமையாகாது.

2003 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, மகாராட்டிர மாநிலத்தில் ஒரு பெருநிறுவனத்தின் சாக்லேட்டுகளில் புழுக்கள் இருப்பதாக முறையீடுகள் எழுந்தன. அடுத்த சில மாதங்களில் அந்நிறுவனம் தன் உறையையே மாற்றி, காற்றுப்புகாவண்ணம் ஒட்டிய உறையில் விற்கத் தொடங்கியது. முறையிட்டோர் வாளாவிருந்திருந்தால் அம்மாற்றம் அவ்வளவு விரைவில் வந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

முறையிடும் முறை

முறையீட்டிலும் விரதங்கள் உண்டு. முதலாவது வாய்மை. வாங்கி இரண்டு மாதம் தம் வீட்டுக் கலத்தில் கிடந்த அரிசியில் வண்டு தோன்றினால், அதைக் கடையின் குற்றமாகக் கூறலாகாது. உறை பிரிக்கும்போதே இருந்ததா, பின்னர் வந்ததா என்பதைத் தம் மனச்சான்றிடம் கேட்டுத் தெளிய வேண்டும். இரண்டாவது அஸ்தேயம். நேர்ந்த இழப்பிற்கு மிகுதியாகக் கேட்பது, கொடாததைக் கொள்வதற்கு ஒப்பாகும். மூன்றாவது சொல்லடக்கம். காணொளி எடுத்துக் கைப்பேசியில் ஊரெங்கும் பரப்பினால், உண்மை தெரிவதற்கு முன்பே ஒரு சிறு கடைக்காரரின் பிழைப்பு அழியக்கூடும். அதைப் பின்னர் திரும்பப் பெற இயலாது.

செய்ய வேண்டுவன எளியவை. உறையையும் விலைச்சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். உறையின் மேலுள்ள தயாரிப்பு நாள், தொகுதி எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை தெரியும்படி படம் எடுத்தல் வேண்டும். உயிரோடுள்ள வண்டைச் சான்றுக்காகப் புட்டியில் அடைத்து வைப்பது தகாது. படம் எடுத்த பின் அதை விட்டுவிடலாம். இழையும் துளையும் கழிவும் பொருளிலேயே எஞ்சியிருக்கும். அதே தொகுதியைச் சேர்ந்த பிரிக்கப்படாத பொட்டலங்கள் கடையில் இருப்பின், அதிகாரி எடுத்துச் சோதிப்பதற்கு அவையே தக்கவை.

முதலில் கடைக்காரரிடம் தனியே, தாழ்ந்த குரலில் கூற வேண்டும். பெரும்பாலோர் மாற்றித் தருவர். மீதமுள்ள சரக்கையும் பார்ப்பர். அவர் செவிசாய்க்காவிடில் தயாரிப்பாளருக்கு எழுதலாம். அதுவும் பயனளிக்காவிடில் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்கு முறையிடலாம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், புழுவும் வண்டும் மொய்த்த உணவைப் பாதுகாப்பற்ற உணவு என்னும் வரையறைக்குள் வைக்கிறது. அயற்பொருள் கலந்த உணவை விற்போருக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க அதன் 54ஆம் பிரிவு இடமளிக்கிறது. வாங்கியவரே கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தலாம். குற்றம் மெய்ப்பட்டால் அக்கட்டணம் திரும்பக் கிடைக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இழப்பீடு வேண்டுவோர் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

விற்போர் கடன்

இச்சபையில் வணிகம் செய்வோரும் உள்ளனர். நெல்லும் பயறும் விளைவிப்போரும் உள்ளனர். அவர்கள் பொறுப்பு வாங்குவோர் பொறுப்பினும் பெரிது. நன்கு உலராத நெல்லை மூட்டை கட்டுவது ஆயிரமாயிரம் உயிர்களின் பிறப்புக்கும் அவற்றின் அழிவுக்கும் வித்திடுவது. மிகுதியாகத் தேக்கி வைத்துப் பின்னர் நச்சுப்புகை இடுவதைக் காட்டிலும், குறைவாக வாங்கி விரைவில் விற்பது இலாபத்தில் சிறிது குறையலாம். இம்சையில் பெரிதும் குறையும். முதலில் வந்த சரக்கை முதலில் விற்பதும், தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவதும், சிந்தியதை நாள்தோறும் கூட்டுவதும் எளிய காப்புகள். வண்டு விழுந்த சரக்கை நல்லதோடு கலந்து விற்பது அகிம்சை, வாய்மை, அஸ்தேயம் ஆகிய மூன்று அணுவிரதங்களையும் ஒருங்கே முறிப்பதாகும். குறை கூற வருபவரை எதிரியாகக் கருதாமல், தம் கண்ணுக்குத் தப்பியதைக் காட்ட வந்த துணைவராகக் கொள்வதே விற்போர்க்குரிய பொறுமை.

பர்வத்தில் நியமம் ஏற்போர் பலர். இவ்வாண்டு இரண்டு நியமங்களைக் கருதலாம். அடுப்பேற்றும் எப்பொருளையும் பகல் வெளிச்சத்தில் வெண்தட்டில் பரப்பிப் பார்த்த பின்னரே ஏற்றுவது ஒன்று. அவ்வேலையை அன்னையரிடமே விட்டுவிடாமல் ஆடவரும் சிறுவரும் முறைவைத்துச் செய்வது மற்றொன்று. பருப்புத் தட்டில் ஒரு வண்டைக் கண்டு, அதை நசுக்காமல் இலையில் ஏந்தி வெளியே விட்டுவரும் சிறுமி, அகிம்சையைக் கையால் கற்றவள் ஆவாள்.

பர்வத்தின் நிறைவில் க்ஷமாவணி வருகிறது. அன்று உற்றாரிடமும் அயலாரிடமும் மட்டுமன்றி, எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுவது வழக்கம். அவ்வேண்டுதலில் ரவையின் செவ்வண்டும் பயற்றின் புழுவும் அடங்கும். வாங்கியவரிடம் கவனம் தவறிய வணிகரும், வணிகரிடம் கடுஞ்சொல் கூறியவரும் அடங்குவர். ஆண்டு முழுதும் கண்டு உண்டவர்க்கே அந்நாளின் வேண்டுதல் பொருளுடையதாகும்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!